சிசேரியன் அதிகமுள்ள வட்டாரத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதை எப்படி உயர்த்துவது? முதலில் கை வைக்க வேண்டிய இடம் எது?

#1 வட்டாரத்தான்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டுக்குச் சொல்ற எண்களை முதல்ல வச்சுடறேன். பிரசவம் ஏறக்குறைய முழுசும் ஆஸ்பத்திரியில்தான் நடக்குது. ஆனா பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடிச்ச குழந்தைகள் 60 சதவீதம் அளவுக்குத்தான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது 55 சதவீதம் அளவு. சிசேரியன் முந்தின சுற்றுல இருந்த 34.1 சதவீதத்திலிருந்து 44.9 சதவீதமா ஏறியிருக்கு. தனியாரை மட்டும் எடுத்தா 60க்கு மேல.

அந்த 55ஐயும் அப்படியே எடுத்துக்க முடியாது. முந்தின நாள் குழந்தை என்ன குடிச்சதுன்னு கேட்டு, பிறந்த குழந்தையிலிருந்து 5 மாதக் குழந்தை வரை எல்லாரையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. 6 மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து முடிச்சவங்க அதைவிடக் குறைவாத்தான் இருப்பாங்க.

ஒரு ஒன்றியத்துக்கு 6 மாதத் திட்டம் போடணும். பிரசவம் நடக்கிற இடம் ஒரு தாலுகா அரசு மருத்துவமனை, சில தனியார் நர்சிங் ஹோம்கள். பணம் ரொம்பக் கம்மி. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம்னு ஊர்வலம், கோலப்போட்டி, பேனர் எல்லாம் வருஷா வருஷம் நடக்குது, எண் அசையலை. உழைப்பை எங்க கொட்டினா பலன் வரும்? வேலை தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

#2 செவ்வந்தி (பிரசவப் பின்கவனிப்பு வார்டு)

முதல் 72 மணி நேரத்துல கொட்டுங்க சார். தாய்ப்பால் நல்லதுன்னு தெரியாத அம்மா நம்ம ஊர்ல யாரும் இல்லை. அதைச் சொல்றதுக்குப் பேனர் வேண்டாம். தெரிஞ்சும் ஏன் மூணாவது நாள் பவுடர் டப்பா கட்டில் பக்கத்துல வந்து உக்காருதுன்னு பாருங்க.

நடக்கிற வரிசை இதுதான். சிசேரியன் முடிஞ்சதும் குழந்தையைத் துடைச்சுச் சுத்தி வெளியில நிக்கிற பாட்டி கையில கொடுத்துடறோம். அம்மா வார்டுக்கு வர ரெண்டு மூணு மணி நேரம். வந்ததும் மல்லாக்கப் படுத்தே இருக்கணும்னு சொல்லி வச்சிருக்கோம். குழந்தை அழுது. பிறந்த உடனே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கண்ணை முழிச்சு வாயைச் சப்புக்கொட்டித் தேடுற நேரம் இருக்கே, அது போயிடுது. அப்புறம் குழந்தை அசந்து தூங்கும். எழுந்து அழும்போது மார்புல வச்சா ரெண்டு சப்பு சப்பிட்டு விட்டுடும். பாட்டி மார்பை அழுத்திப் பார்ப்பாங்க, ஒண்ணும் பீய்ச்சி வராது. "பால் ஊறலை"ன்னு தீர்ப்பு அந்த நிமிஷம் எழுதியாச்சு. ராத்திரி 11 மணிக்கு 30 மில்லி பவுடர் பால் புட்டியில போகும். வயிறு முட்டின குழந்தை நாலு மணி நேரம் தூங்கும். அந்த நாலு மணி நேரம் மார்பைச் சப்ப ஆளில்லை, அதனால ஊறல் இன்னும் தள்ளிப் போகும்.

இதுல எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய அளவு ஒண்ணு உண்டு. முதல் 24 மணி நேரத்துல குழந்தை ஒரு தடவைக்குக் குடிக்கிறது 2 முதல் 10 மில்லிதான். ரெண்டாம் நாள் 5 முதல் 15. மூணாம் நாள் 15 முதல் 30. நாலாம் நாள் 30 முதல் 60. சீம்பால் சொட்டுச் சொட்டா வர்றது குறைபாடு இல்லை, அந்த வயித்துக்கு அளவே அவ்வளவுதான். ஒரு மில்லி, ரெண்டு மில்லி சிரிஞ்சை எடுத்து பாட்டி கையில கொடுத்து "ஒரு வேளைக்கு இதுல ரெண்டு தடவை ரொம்பினா முதல் நாளுக்குப் போதும்"னு காட்டணும். பாதிச் சண்டை அங்கயே முடியும்.

#3 ஊசிமுனை (மயக்கவியல்)

செவ்வந்தி மேடம் சொன்ன முதல் மணி நேரத்தைத் தியேட்டருக்குள்ளேயே பிடிக்கலாம். இன்னிக்குப் பெரும்பாலான சிசேரியன் தண்டுவட ஊசியில நடக்குது, தாய்க்கு முழு நினைவு இருக்கு. தடையா நிக்கிறது நாம ஒயரும் குழாயும் மாட்டுற முறை.

இசிஜி ஒட்டுகளை நெஞ்சு நடுவுல ஒட்டாம தோள்பக்கமும் விலாப்பக்கமும் தள்ளி ஒட்டுங்க. டிரிப்ஸ் ஊசியை முழங்கை மடிப்புல போட்டா கை மடக்க முடியாது, முன்கையில போடுங்க. ஆக்சிஜன் கிளிப்பைக் கால் விரலுக்கு மாத்திடலாம். கவுனை முன்பக்கம் திறக்கிற மாதிரி போட்டு விடுங்க. இவ்வளவும் ஊசி போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், அப்புறம் யாருக்கும் கை ஒழியாது.

குழந்தை அழுது, நிறம் நல்லா இருந்தா, துடைச்சு, தொப்பி போட்டு, தாயோட நெஞ்சுக்குக் குறுக்கா, திரைக்கு மேல்பக்கம், தோலோடு தோல் படுற மாதிரி படுக்க வைங்க. மேல காய்ஞ்ச சூடான துணி. ஒரு நர்ஸ் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. குழந்தையோட மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரியணும், கழுத்து மடங்கக்கூடாது, நிறம் பார்த்துக்கிட்டே இருக்கணும். இதுக்கு ஆள் இல்லைன்னா தியேட்டர்ல ஆரம்பிக்காதீங்க. ஆள் பார்க்காம நெஞ்சுல விட்ட குழந்தை மூச்சடைச்ச சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கு.

தியேட்டர் ஏசி ரொம்பக் குளிரா இருந்தாலோ, தாய்க்கு வாந்தி, நடுக்கம் இருந்தாலோ, தையல் முடிஞ்சு மீட்பறைக்கு வந்ததும் செய்யுங்க. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும். முழு மயக்கம் கொடுத்திருந்தா, தாய் கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லி, குழந்தையைத் தன் கையால அணைக்கிற நிலைக்கு வந்ததும் கொடுக்கலாம். முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டத் தேவையில்லை.

அந்த "மல்லாக்கப் படு, தலையைத் தூக்காதே" உத்தரவை வார்டுல இருந்து எடுத்துடுங்க. தட்டையாப் படுக்கிறது தண்டுவட ஊசித் தலைவலியைத் தடுக்காது. இப்ப போடுற மெல்லிய ஊசிகளால அந்தத் தலைவலியே குறைஞ்சு போச்சு. ஒருக்களிச்சுப் படுத்துப் பால் கொடுக்கலாம். வலி மருந்தையும் நேரத்துக்குக் கொடுங்க. பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் பால் கொடுக்கிறவங்களுக்குத் தாராளமாக் கொடுக்கக்கூடியவை. தையல் வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கிற தாய்க்குப் பால் இறங்காது.

#4 இளந்தளிர் (குழந்தைநல மருத்துவர்)

மேல சொன்னதை எல்லாம் ஏத்துக்கிறேன். ஆனா திட்டம் போடுறவர் இன்னொரு பக்கத்தையும் எழுதி வைக்கணும். "எதுவுமே கொடுக்காதே"ன்னு கண்ணை மூடிச் சொல்ற ஆஸ்பத்திரியில குழந்தைகள் காய்ஞ்சு போய் வருது. அதுவும் சித்திரை வைகாசியில.

எடையில ஆரம்பிப்போம். 3 கிலோ குழந்தை முதல் மூணு நாள்ல 210 கிராம் வரை, அதாவது 7 சதவீதம், இறங்குறது சாதாரணம். 300 கிராமைத் தொட்டா, அதாவது 10 சதவீதம், குழந்தையை முழுசாப் பரிசோதிக்கணும். பாலூட்டுறதை ஒருத்தர் உக்காந்து பார்க்கணும். சிசேரியன் குழந்தைகளுக்கு இறக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கும். அதுக்கு ஒரு காரணம் தாய்க்கு ஏத்தின டிரிப்ஸ். அந்தத் தண்ணி குழந்தை உடம்புலயும் ஏறி, பிறந்த எடையை ஊதிக் காட்டும், முதல் நாள்ல சிறுநீரா இறங்கிடும். அதனால 24 மணி நேர எடையையும் குறிச்சு வச்சுட்டு, அதுலேர்ந்தும் கணக்குப் பாருங்க. 10 முதல் 14 நாளுக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பணும்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப எளிய அளவு சிறுநீர். முதல் நாள் ஒரு தடவை, ரெண்டாம் நாள் ரெண்டு, மூணாம் நாள் மூணு, அஞ்சாம் ஆறாம் நாளிலிருந்து ஆறுக்கு மேல. கருப்பு மலம் பச்சையா மாறி, அஞ்சாம் நாளுக்குள்ள மஞ்சளா ஆகணும். அஞ்சாம் நாளும் கருப்பாவே இருந்தா பால் போய்ச் சேரலைன்னு எடுத்துக்கலாம். நாப்கின்ல செங்கல் பொடி மாதிரி கறை முதல் ரெண்டு நாள் வந்தா பரவாயில்லை, நாலாம் நாள் வந்தா கூட்டிட்டு வரணும்.

ரொம்ப ஆபத்தான அறிகுறி எதுன்னா அழுகை இல்லை, அமைதி. "பிள்ளை சமர்த்து, எழுப்பினாத்தான் எழுந்திரிக்கும்"னு சொன்னா அந்தக் குழந்தையை அன்னிக்கே பாருங்க. தண்ணிச்சத்து வத்தி ரத்தத்துல சோடியம் ஏறின குழந்தை இப்படித்தான் சுருண்டு தூங்கும்.

கூடுதல் பால் தேவைப்படுற நேரம் உண்டு: சர்க்கரை அளவு குறைஞ்ச குழந்தை, 10 சதவீதத்துக்கு மேல எடை இறங்கி வாடின குழந்தை, தாய் தீவிர சிகிச்சையில. அப்பவும் வரிசை இருக்கு. முதல்ல அந்தத் தாயோட பீய்ச்சின பால், அடுத்தது தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் இல்லைன்னாத்தான் பவுடர். அளவு செவ்வந்தி கொடுத்த அட்டவணைப்படி. புட்டி வேண்டாம், பாலாடை (மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்). தலையை உயர்த்தி மடியில சாய்ச்சு, பாலாடை மூக்கைக் கீழுதட்டு ஓரத்துல வச்சு, குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்ச உறிஞ்ச மட்டும் சரிக்கணும். தொண்டையில ஊத்தினா புரை ஏறும். நம்ம ஊர்ல சங்குல ஊத்துற வீடுகள்ல பாதிப் புரை இப்படி வர்றதுதான்.

இன்னொண்ணு: காரணம் எழுதாம கூடுதல் பால் கொடுக்கக்கூடாதுன்னு ஒரே ஒரு விதி போடுங்க. கேஸ் ஷீட்டுல யார் சொன்னாங்க, எதுக்கு, எத்தனை மில்லின்னு ஒரு வரி. அந்த வரியை எழுத வேண்டி வந்தாலே தேவையில்லாதது பெரும்பாலும் நின்னுடும்.

#5 வட்டாரத்தான்

இந்த ஒரு வரி விதி பணமே கேட்காதது, எடுத்துக்கிட்டேன். ராத்திரி வார்டுல ஒரே நர்ஸ் இருக்கிற இடத்துல "பால் வரலை"ன்னு சொல்ற அம்மாவுக்கு பத்து நிமிஷத்துல என்ன செஞ்சு காட்டலாம்?

#6 பாலாடை (பாலூட்டல் ஆலோசகர்)

பத்து நிமிஷம் போதும், ஆனா கையைக் கட்டிக்கிட்டு வாயால சொன்னா ஆகாது.

முதல்ல படுக்கை. சிசேரியன் அம்மாவுக்குக் குழந்தை வயித்துமேல படக்கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகுக்கு ஒரு தலையணை. இல்லைன்னா சாய்ஞ்சு உக்காந்து அக்குள்பக்கமாக் குழந்தையை இடுக்கிப் பிடிக்கலாம். குழந்தையோட கால் அம்மாவோட முதுகுப் பக்கம் போகும், பிடரி அம்மா கையில. தலையைப் பின்னாலிருந்து அழுத்தாதீங்க, குழந்தை முறுக்கிக்கிட்டு விலகும். கழுத்தடியைத் தாங்கினாப் போதும்.

அடுத்தது கவ்வல். காம்பு குழந்தையோட மூக்குக்கு நேரா வரணும், வாய்க்கு நேரா இல்லை. மேலுதட்டைத் தொட்டதும் தலையை லேசாப் பின்னால சாய்ச்சு வாயைப் பெருசாத் திறக்கும். அந்த நொடியில குழந்தையை மார்புக்குக் கொண்டு வரணும், மார்பைக் குழந்தைக்குத் தள்ளக்கூடாது. தாடை மார்புல பதிஞ்சிருக்கணும், கீழுதடு வெளியே மடிஞ்சிருக்கணும், கருவளையம் மேல்பக்கம் தெரியலாம், கீழ்ப்பக்கம் உள்ள போயிருக்கணும். கன்னம் குழி விழுந்தாலும், டப் டப்னு சத்தம் வந்தாலும், முதல் அரை நிமிஷத்துக்கு அப்புறமும் வலிச்சாலும் கவ்வல் மேலோட்டமா இருக்கு. சுண்டு விரலை வாய் ஓரத்துல விட்டு எடுத்து மறுபடி வைங்க. வெளியே வந்த காம்பு உதட்டுச்சாயக் குச்சி மாதிரி சரிஞ்சு நசுங்கியிருந்தா அதுவே சாட்சி. காம்பு வெடிப்புக்குக் களிம்பு தேடுறதுக்கு முன்னாடி இதைச் சரிபண்ணணும்.

குழந்தை கவ்வவே இல்லைன்னா கையால பீய்ச்சுறது. முதல் ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, ராத்திரியும் சேர்த்து 24 மணி நேரத்துல எட்டு தடவையாவது. கட்டை விரல் மேல, ஆள்காட்டியும் நடுவிரலும் கீழ, காம்புக்கு 3 சென்டிமீட்டர் அளவு பின்னால. முதல்ல நெஞ்செலும்பு நோக்கி உள்ள தள்ளணும், அப்புறம் விரல்களைச் சேர்த்து அழுத்தணும், விடணும். தோலை உருவக்கூடாது, காம்பைக் கிள்ளக்கூடாது. ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வராது, அங்கதான் எல்லாரும் கைவிடுறாங்க. வளையத்தைச் சுத்தி விரல் நிலையை மாத்திக்கிட்டே ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், அடுத்த பக்கம் அஞ்சு, திரும்பவும் முதல் பக்கம். சீம்பால் கெட்டி, மெஷின்ல ஒட்டிக்கிட்டு வீணாப் போகும். முதல் ரெண்டு நாள் மெஷின் வேண்டாம். சொட்டை நேரா சிரிஞ்சுல உறிஞ்சி குழந்தை கன்னத்து உள்பக்கம் விடுங்க.

உள்ளிழுத்த காம்பா? 10 அல்லது 20 மில்லி புது சிரிஞ்சை எடுத்து, ஊசி மாட்டுற முனையைப் பிளேடால நேரா வெட்டிடுங்க. பிஸ்டனைக் கழட்டி, வெட்டின பக்கத்திலிருந்து உள்ள விடுங்க. வழுவழுன்னு இருக்கிற விளிம்புப் பக்கம் மார்புல பதியணும். வெட்டின பக்கத்தைத் தோல்ல வச்சுட்டா கிழிச்சிடும். மெதுவா இழுத்து அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் பிடிச்சுட்டு, விட்டு, உடனே குழந்தையை வைக்கணும். வலிச்சா இழுப்பு அதிகம். ஒவ்வொரு பால் கொடுக்கிறதுக்கு முன்னாடியும் செய்யலாம். இது ஒவ்வொருத்தருக்கும் தனி சிரிஞ்ச்.

கர்ப்பத்திலேயே சர்க்கரை இருந்தவங்க, அதிக உடல் எடை உள்ளவங்க, முதல் பிரசவம், நிறைய ரத்தம் போனவங்க, இவங்களுக்கெல்லாம் பால் பெருகி இறங்குறது 72 மணி நேரம் தாண்டலாம். இவங்க பேரை முன்கூட்டியே குறிச்சு வச்சு முதல் நாள்லேயே கவனிங்க. எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்க ராத்திரி நர்ஸால முடியாது.

#7 தாய்வீடு (கிராம சுகாதாரம்)

ஆஸ்பத்திரியைப் பத்தி நிறையப் பேசியாச்சு. வீட்டைப் பேசுவோம்.

வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடும். பதிவு மாமியார் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல, பிரசவம் வேற மாவட்டத்துல, மூணாவது மாசம் திரும்பி வரும். நடுவுல இருக்கிற நாலஞ்சு மாசம் ரெண்டு செவிலியருக்கும் நடுவுல விழுந்துடுது. பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு கொடுக்கிற எண்) வச்சு ஏழாம் மாசத்திலேயே "பிரசவத்துக்கு எந்த ஊர்"னு கேட்டு அந்த ஊர் செவிலியருக்குப் போன்ல ஒப்படைக்கணும். அதேபோல உங்க ஒன்றியத்துக்குப் பிரசவத்துக்கு வந்து தங்கியிருக்கிற பொண்ணுங்க பட்டியலும் தனியா வேணும், அவங்க உங்க பதிவேட்டுல இருக்கவே மாட்டாங்க.

பேச வேண்டிய ஆள் பொண்ணோட அம்மா. மாமியாருக்கு நடத்துற கூட்டம் எல்லாம் நல்லது, ஆனா முதல் 40 நாள் அடுக்களையும் தொட்டிலும் இவங்க கையில. கர்ப்ப கால கடைசி ரெண்டு பரிசோதனைக்கு "அம்மாவையும் கூட்டிட்டு வா"ன்னு சொல்லுங்க. அவங்களை எதிரியாப் பேசாதீங்க. சேனை தொட்டு வைக்கிறது அவங்களுக்குக் குடும்பத்து ஆசீர்வாதம். "முதல் சொட்டு சீம்பாலை பெரியவங்க கையால சிரிஞ்சுல வைங்க"ன்னு வேலையைக் கொடுத்தா சர்க்கரைத் தண்ணி தானா நின்னுடும். தேன் மட்டும் கண்டிப்பாக் கூடாது, ஒரு வயசு வரைக்கும். பாட்டுலிசம்னு நரம்பை முடக்குற நச்சு நோய் வர வாய்ப்பிருக்கு.

பத்தியத்துல பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, போடட்டும். பால் பெருக்குறது அடிக்கடி மார்பு காலியாகுறதுதான், ஆனா பூண்டைக் குறை சொல்லி யாரும் ஜெயிக்கப் போறதில்லை. தடுக்க வேண்டியது, "தண்ணி குடிச்சா தையல்ல சீழ் வைக்கும்"னு தண்ணியைக் கட்டுறதும், ஒரு வேளைச் சோறு மட்டும் போடுறதும். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி கூட வேணும், தாகத்துக்குத் தண்ணி கையெட்டும் தூரத்துல செம்புல இருக்கணும்.

குழந்தைக்குத் தண்ணி வேண்டாம், கோடையிலும். தாய்ப்பாலே 88 சதவீதம் தண்ணிதான். வெயில் அதிகமானா குழந்தை அடிக்கடி கேட்கும், கேட்கும்போது கொடுத்தாப் போதும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை விடாமக் குடிச்சுக் குடிச்சு அழுறதும் பால் பத்தலைங்கிறதுக்கு அடையாளம் இல்லை. மூணாம் வாரம், ஆறாம் வாரம் இது உச்சத்துல இருக்கும். பவுடர் டப்பா வாங்குற ரெண்டாவது பெரிய அலை அப்பத்தான் வருது. இதை முன்கூட்டியே தேதி போட்டுச் சொல்லிட்டா தாங்கிக்குவாங்க.

#8 சட்டப்புள்ளி

நர்சிங் ஹோம்களைப் பத்தி. தாய்ப்பால் மாற்று, பால்புட்டி, குழந்தை உணவுகளைக் கட்டுப்படுத்துற சட்டம் 1992இலிருந்து இருக்கு, 2003இல் இறுக்கமாத் திருத்தினாங்க. ரெண்டு வயசு வரைக்குமான எந்தக் குழந்தை உணவுக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி டப்பா, தாய்க்குப் பரிசுப்பை, மருத்துவப் பணியாளருக்குக் கமிஷன், கம்பெனி செலவுல கருத்தரங்கு, ஆஸ்பத்திரிச் சுவர்ல கம்பெனி படம், எல்லாமே குற்றம். மூணு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

அபராதத் தொகை சிறுசு. அதனால வழக்கை விட கூட்டம் பலன் தரும். உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் கூட வச்சுக்கிட்டு, ஒன்றியத்து நர்சிங் ஹோம் எல்லாருக்கும் சட்டத்தோட ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க: டிஸ்சார்ஜ் சீட்டுல பவுடர் பேரை அச்சடிச்சு வைக்கக்கூடாது, ஆஸ்பத்திரி மருந்துக்கடை முகப்புல டப்பா அடுக்கக்கூடாது. மீறினா போட்டோ, தேதி, இடம் மூணோட எழுத்துப்பூர்வமாப் புகார் போகணும்.

#9 நிறைமதி

ஒரு மறுப்பு. இந்த இழையில எல்லாரும் நல்ல எண்ணத்தோட எழுதுறீங்க, ஆனா வார்டுல இது அம்மா மேல வசவா மாறுது. தூக்கம் இல்லாம, தையல் வலியோட, மூணு பேர் மாறி மாறி மார்பைப் பிடிச்சு அழுத்துற நிலையில இருக்கிற பொண்ணுக்கிட்ட "பவுடர் கொடுத்துட்டியா"ன்னு கேட்கிற குரலைக் கவனிச்சுப் பாருங்க. சிலருக்கு உண்மையாவே பால் பத்தாது. அவங்களை என்ன பண்ணப் போறீங்க?

#10 இளந்தளிர்

நியாயமான கேள்வி மேடம், திட்டத்துக்குள்ளேயே இதுக்கு இடம் வேணும்.

மார்புச் சுரப்பித் திசு வளராதவங்க, மார்புல அறுவை செஞ்சவங்க, பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போய்ப் பிட்யூட்டரி பாதிச்சவங்க, நஞ்சுக்கொடித் துண்டு உள்ள தங்கினவங்க, தைராய்டு கட்டுப்படாதவங்க, இவங்களுக்கு எவ்வளவு முயற்சி செஞ்சாலும் பத்தாமப் போகலாம். கர்ப்பத்துல மார்பு கொஞ்சமும் பெருக்கலைன்னு சொன்னாலே குறிச்சு வைக்கணும். இவங்களுக்கு வர்ற அளவு தாய்ப்பாலும் மிச்சத்துக்கு வேற பாலும். அதுல குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

பவுடர் கொடுத்தே ஆகணும்னா அதைச் சரியாக் கரைக்கவும் நாமதான் கத்துக்கொடுக்கணும். டப்பாவுக்குள்ள இருக்கிற பவுடர் கிருமி நீக்கினது இல்லை. கொதிச்ச தண்ணி 70 டிகிரிக்குக் குறையறதுக்கு முன்னாடி, அதாவது இறக்கி அரை மணி நேரத்துக்குள்ள, கரைச்சு, அப்புறம் ஆற வைக்கணும். டப்பாவுல போட்ட அளவுக்குத் தலைவழிச்ச கரண்டி. டப்பா சீக்கிரம் தீருதேன்னு தண்ணியைக் கூட்டுற வீடுகள்ல குழந்தை எடை ஏறாம வருது. கரைச்சதுல மிச்சம் இருந்தா கொட்டிடணும். இதை மறைச்சு வைக்கிறது தாய்ப்பாலை வளர்க்காது.

மார்பைத் தொடுறதுக்கு முன்னாடி அனுமதி கேட்கணும். முடிஞ்ச வரை பொம்மை மார்பு வச்சுக் காட்டி, அம்மாவோட கையாலேயே செய்ய வைக்கணும். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒரே ஆள் பேசணும்.

#11 பாலாடை

நிறைமதி கேட்டதோட சேர்ந்து வர்ற இன்னொரு கூட்டம், ஒரு மாசமாப் பாதிப் புட்டியில இருந்துட்டுத் திரும்பி வர நினைக்கிறவங்க. இவங்களுக்கு வழி உண்டு.

குழந்தைக்கான மெல்லிய உணவுக் குழாய், 5 அல்லது 6 நம்பர். ஒரு முனை கிண்ணத்துல இருக்கிற பாலுக்குள்ள, மறுமுனை காம்பு நுனிக்குச் சமமா, பிளாஸ்திரியால மார்புல ஒட்டினது. குழந்தை கவ்விச் சப்பும்போது குழாய்ல பால் வரும், அதே சப்புல மார்பும் தூண்டப்படும். கிண்ணத்தை மார்பு உயரத்துக்கு வச்சா வேகம், தாழ்த்தினா மெதுவா. முதல்ல வேகமா வச்சு ஆசை காட்டி, ரெண்டு மூணு நாள்ல தாழ்த்திக்கிட்டே வாங்க. ஒவ்வொரு தடவையும் குழாயைச் சோப்புத் தண்ணியால சிரிஞ்ச் வச்சு அலசணும், உள்ள பால் காய்ஞ்சா தூக்கிப் போடணும். நாளைக்கு எட்டுப் பத்து தடவை. ஒரு வாரத்துல சொட்டு தெரியலாம், முழுசா வர ஒரு மாசம் பிடிக்கலாம். வாரம் ரெண்டு தடவை எடை பார்த்து, ஏறினாத்தான் கூடுதல் பாலைக் குறைக்கணும். ஒரே நாள்ல புட்டியை நிறுத்தினா குழந்தை வாடும், அம்மாவும் விட்டுடுவாங்க.

#12 வெள்ளோடு (ஆலை நலப்பிரிவு)

மூணாவது பெரிய உடைப்பு வேலைக்குத் திரும்புறப்ப. சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு, 2017 திருத்தம். 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற நிறுவனத்துல குழந்தைக் காப்பகம், நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க அனுமதி. குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரை பாலூட்ட ரெண்டு இடைவேளை. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடருது. அரசு ஊழியர்களுக்கு மாநிலத்துல 2021லிருந்து 12 மாசம். ஆனா பீஸ் ரேட் தையல்காரங்க, தனியார் பள்ளி டீச்சர், ஜவுளிக்கடைப் பொண்ணுங்களுக்கு மூணு மாசத்துல கூப்பிட்டுடறாங்க. உங்க திட்டம் இவங்களுக்குத்தான் பீய்ச்சி வைக்கிற முறையைச் சொல்லணும்.

வேலைக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, காலையில முதல் பால் கொடுத்ததும் மிச்சத்தைப் பீய்ச்சிப் பழகணும், அப்பத்தான் அதிகம் கிடைக்கும். எவர்சில்வர் மூடிக் கிண்ணம் போதும், வெந்நீர்ல கொதிக்க வச்சுக் காய்ஞ்சது. நம்ம ஊர் வெயில்ல வெளியில நாலு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. ஃபிரிட்ஜ்ல உள்தட்டுல, கதவுல இல்லை. புத்தகக் கணக்கு 4 நாள் வரை சொல்லும், கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல 24 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடுங்க. அடுப்புல சூடாக்க வேண்டாம், கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணியில வச்சு லேசாச் சுழற்றினாப் போதும், மேல மிதக்கிற கொழுப்பு கலந்துடும். ஆடை பிரிஞ்சு நிக்கிறதைப் பார்த்து "பால் திரிஞ்சுடுச்சு"ன்னு கொட்டுற பாட்டிக்கு இதை முன்னாடியே காட்டணும். எட்டு மணி நேர வேலையில ரெண்டு தடவையாவது பீய்ச்சலைன்னா ஒரு வாரத்துல ஊறல் இறங்கிடும். அதுக்கு ஆலையில தேவை ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணி. கழிப்பறையைக் காட்டக்கூடாது.

#13 செவ்வந்தி

பால்கட்டைப் பத்தி யாரும் சொல்லலை. நாலாம் அஞ்சாம் நாள் மார்பு கல்லா இறுகும்போது வெந்நீர் ஒத்தடம் போட்டு அழுத்தி உருவுற பழக்கம் வீட்டிலும் வார்டிலும் இருக்கு. அது வீக்கத்தைக் கூட்டும். இப்ப சர்வதேச வழிகாட்டுதல் மாறியிருக்கு: குளிர்ந்த ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை, குழந்தை கேட்கிற அளவுக்குக் கொடுத்தாப் போதும், மெஷின் வச்சு ஒட்ட ஒட்டக் காலி பண்ணக்கூடாது, அப்படிப் பண்ணினா இன்னும் ஊறும். வளையம் இறுகிக் கவ்வ முடியலைன்னா காம்பைச் சுத்தி விரல் நுனியால ஒரு நிமிஷம் உள்நோக்கி மெதுவா அழுத்திப் பிடிங்க, அந்த இடம் மட்டும் இளகும், உடனே வைங்க. காய்ச்சல் 24 மணி நேரத்துக்கு மேல நின்னாலோ, ஒரு இடம் சிவந்து கட்டியாத் தெறிச்சாலோ டாக்டர். அப்பவும் பாலை நிறுத்தக்கூடாது.

#14 வட்டாரத்தான்

தொகுத்துக்கிட்டேன். அரசு மருத்துவமனைத் தியேட்டர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன், நர்சிங் ஹோம் கூட்டம் ரெண்டாவது மாசம். பலனை அளக்க நாலு எண் மட்டும்: முதல் மணி நேரத்துல மார்புல வச்சவங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கூடுதல் பால் வாங்கின குழந்தைகள், அதுல காரணம் எழுதினது எத்தனை, 6 வாரத் தடுப்பூசிக்கும் 14 வாரத் தடுப்பூசிக்கும் வரும்போது தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவங்க. தடுப்பூசிக்கு எப்படியும் வருவாங்க, தனியா வீடு வீடாப் போக வேண்டாம். இதுல ஓட்டை இருக்கா?

#15 தாய்வீடு

கேள்வி கேட்கிற விதத்துல இருக்கு. "தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கறீங்க"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க. "நேத்து காலையிலேர்ந்து இன்னிக்குக் காலை வரை பிள்ளை வாய்ல என்னென்ன போச்சு"ன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேளுங்க: தண்ணி, சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர், உரைமருந்து, வசம்பு, பசும்பால், பவுடர், கஞ்சி. டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி சொட்டைக் கணக்குல சேர்க்காதீங்க, அது தினமும் 400 யூனிட் கொடுக்க வேண்டியதுதான்.

கேட்கிறவர் கையில டிக் போடுற தாள் இருந்தா அம்மா பயப்படுவாங்க. எடை பார்க்கும்போதே பேச்சோட பேச்சாக் கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க. 6 வாரத்துல ஏதாவது கலந்திருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே, அதே பெஞ்சுல, பாலாடை சொன்ன மாதிரி கவ்வலை ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க. தடுப்பூசி அன்னிக்கு எட்டு மணிக்குக் கூட்டம் சேர்ந்துடும், அதனால அந்த வேலைக்குன்னு ஒரு ஆளையும் ஒரு திரையும் முதல் நாளே ஒதுக்கிடுங்க.